மைதாவும் சர்க்கரையும் பார்த்த வேலையை யார் பார்ப்பது?

பழக் கேக்குக்குள் மாவுச்சத்து மூன்று வழியாக வருகிறது: மாவு, சர்க்கரை, பழம். டாக்டர் "இனிப்பைக் குறைங்க" என்று சொல்லிவிட்ட வீடுகளில் பெரும்பாலும் சர்க்கரையை மட்டும்தான் நிறுத்துகிறார்கள். அதற்குப் பதில் பேரீச்சம்பழம், கூடவே மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு. "இது ஹெல்தி கேக், காலை டிபனுக்கே சாப்பிடலாம்" என்று ஒரு பெரிய துண்டு தட்டுக்கு வருகிறது. அந்தத் துண்டில் என்ன இருக்கிறது என்று நிதானமாகக் கூட்டிப் பார்த்துவிட்டு மேலே போவோம்.

வழக்கமான கிறிஸ்துமஸ் பிளம் கேக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மைதா 200 கிராம், அதில் மாவுச்சத்து சுமார் 150. சர்க்கரை 200 கிராம், அது முழுவதுமே மாவுச்சத்துக் கணக்குத்தான். திராட்சை, பேரீச்சை, டூட்டி ஃப்ரூட்டி என்று உலர்பழ வகை 250 கிராம், அதில் கிட்டத்தட்ட 190. மொத்தம் 540. பன்னிரண்டு துண்டு போட்டால் துண்டுக்கு 45 கிராம். நான்கு இட்லிக்கு மேல்.

இப்போது ஹெல்தி கேக். கோதுமை மாவு 200 கிராமில் நார்ச்சத்தைக் கழித்தால் 120 தேறும். பேரீச்சை 200 கிராமில் 135. உலர்பழம் அதேதான், நார் போக 180. மொத்தம் 435. துண்டுக்கு 36 கிராம். இத்தனை பாடுபட்டும் குறைந்தது ஒன்பதே கிராம். நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டி எதைப் போட்டாலும் கதை இதுதான். நிறமும் மணமும் மாறும், ரத்தத்துக்குள் போய்ச் சேருவது மாறாது.

இதில் பெரிய ஆள் உலர்பழம். 100 கிராம் பச்சைத் திராட்சையில் மாவுச்சத்து 18 கிராம். அதையே காயவைத்துத் தண்ணீரை எடுத்துவிட்டால் 100 கிராமுக்கு 79. பழம் அதே பழம்தான், நான்கு மடங்கு சுண்டிவிட்டது, அவ்வளவே. ஆகவே லோ-கார்ப், அதாவது மாவுச்சத்து குறைந்த, பழக் கேக் என்றால் முதல் விதி, காய்ந்த பழத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் நிறைந்த பழத்துக்கு வருவது. 100 கிராமுக்கு நார் நீங்கலாக ஸ்ட்ராபெரியில் 6 கிராம் அளவு, கொய்யா, ஆரஞ்சு, பப்பாளி மூன்றிலும் 9 கிராமை ஒட்டி, ஆப்பிளில் 11 அல்லது 12. வாழைப்பழமும் பலாவும் 20 கிராமைத் தாண்டிவிடும்.

பழத்தை மாற்றிவிடலாம். மைதாவையும் சர்க்கரையையும் எடுப்பதுதான் சிக்கல், ஏனென்றால் இரண்டும் கேக்கில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மைதாவில் உள்ள புரதம் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற வலையைப் பின்னுகிறது. பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு அந்த வலையில் மாட்டிக்கொள்வதால்தான் கேக் உப்புகிறது. பிறகு அதன் ஸ்டார்ச் தண்ணீரைக் குடித்து வெந்து உருவத்தைப் பிடித்து நிறுத்துகிறது. சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பது, கேக்கை மெத்தென்று ஆக்குவது, மேல்பக்கம் சிவக்க உதவுவது, பூஞ்சை பிடிக்காமல் காப்பது என்று அதற்கு நாலைந்து வேலை. பிளம் கேக் வாரக்கணக்கில் கெடாமல் இருப்பதற்குச் சர்க்கரைதான் முக்கியக் காரணம். இரண்டையும் தூக்கிவிட்டு அதே செய்முறையைத் தொடர்ந்தால் தட்டையான, வறண்ட ஒரு வில்லை கிடைக்கும். "லோ-கார்ப்னா இப்படித்தான் இருக்கும்" என்று சலித்துக்கொள்பவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் இதைத்தான்.

ஒவ்வொரு வேலைக்கும் மாற்று ஆள் வைத்துவிட்டால் தீர்ந்தது. இதை யாரும் இன்று புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். யூதர்களின் பாஸ்கா பண்டிகை நாட்களில் புளித்த மாவுப் பண்டங்கள் விலக்கு. அதனால் மத்தியதரைக் கடல் பக்கத்து யூத வீடுகளில் அரைத்த பாதாமையும் முட்டையையும் வைத்தே கேக் செய்யும் வழக்கம் வளர்ந்தது. கெய்ரோவில் பிறந்து லண்டனில் குடியேறிய கிளாடியா ரோடன் 1968-இல் வெளியிட்ட மத்தியக் கிழக்குச் சமையல் புத்தகத்தில் அப்படியொரு கேக்கைச் சேர்த்தார். முழு ஆரஞ்சைத் தோலோடு வேகவைத்து அரைத்து, பாதாம், முட்டை, சர்க்கரை சேர்த்துச் சுடுவது. ஒரு பிடி மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. இந்தக் கேக் அதன்பின் உலகமெல்லாம் சுற்றிவிட்டது.

பாதாமுக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. இன்சுலின் 1921-இல்தான் டொரோன்டோவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைத் தவிர வேறு பிடிமானம் பெரிதாக இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் ஃபிரெடெரிக் வில்லியம் பேவி தம் நீரிழிவு நோயாளிகளுக்குக் கோதுமை ரொட்டிக்குப் பதில் பாதாமில் செய்த பண்டங்களைத்தான் பரிந்துரைத்தார். 100 கிராம் பாதாமில் மாவுச்சத்து 21 கிராம் அளவு. அதில் 12 கிராம் நார். மிஞ்சுவது 9 அல்லது 10.

ஆகவே ரோடனின் கேக்கில் நாம் மாற்ற வேண்டியது சர்க்கரை ஒன்றைத்தான். அளவு இதோ: தோல் மெல்லிய ஆரஞ்சு 300 கிராம், பாதாம் 250 கிராம், முட்டை 6, சர்க்கரைக்குப் பதில் எரித்ரிட்டால் 120 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை உப்பு.

ஆரஞ்சிலிருந்து தொடங்குவோம். தோலையும் சேர்த்துச் சாப்பிடப் போவதால் வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். கடையில் வரும் பழத்தின் மேல் மெழுகு இருக்கும். தடித்த தோல் பழத்தில் உள்ளே வெள்ளைப் பகுதி அதிகம், கசப்பும் அதிகம். கமலா, நாக்பூர் ஆரஞ்சு வகைகள் நல்லது. முதலில் பத்து நிமிடம் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கசப்பில் ஒரு பங்கு அதோடு போய்விடும். பிறகு புதுத் தண்ணீரில் மூழ்கவைத்துக் குக்கரில் ஒரு விசில் விட்டு, சிம்மில் இருபது நிமிடம். விரலால் அழுத்தினால் தோல் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போக வேண்டும். ஆறியதும் பிளந்து விதைகளை ஒன்று விடாமல் எடுத்துவிட்டு மிக்ஸியில் விழுதாக அரையுங்கள். விதை தப்பினால் கேக் முழுக்கக் கசக்கும்.

இந்த விழுது சர்க்கரையின் இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்கிறது. ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதியில் பெக்டின் நிறைய இருக்கிறது. ஜாமை இறுகவைப்பதும் இதே பெக்டின்தான். அது தண்ணீரைப் பிடித்துவைத்துக் கேக்கை ஈரமாகவே வைத்திருக்கிறது. தோலின் வெளிப்பக்கத்தில் இருக்கும் எண்ணெயில்தான் ஆரஞ்சின் மணம் முழுவதும் இருக்கிறது. அந்த எண்ணெயில் மாவுச்சத்து கிடையாது. பழத்தின் மணம் இந்த அளவுக்கு ஏறிவிட்டால் நாக்கு குறைந்த இனிப்புக்கும் சம்மதித்துவிடும்.

அடுத்து பாதாம். கடையில் கிடைக்கும் பாதாம் மாவு வாங்கலாம். வீட்டில் என்றால் வெந்நீரில் ஊறவைத்துத் தோலை உரித்து, நன்றாக உலர்த்தி, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் சூடேறி எண்ணெய் பிரிந்து உருண்டை கட்டும். சலித்து, மேலே நிற்பதை மறுபடி ஒரு சுற்று ஓட்டினால் போதும். பாதாம் கிலோ விற்கிற விலைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் பாதியளவு வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலைப் பொடி சேர்க்கலாம். மாவுச்சத்துக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் கடலை மிட்டாய் வாசனை ஆரஞ்சோடு போட்டிக்கு வரும்.

குளூட்டன் இல்லாததால் தூக்கி நிறுத்தும் பொறுப்பு முழுவதும் முட்டைக்கு. முட்டைப் புரதம் 60 டிகிரியைத் தாண்டும்போதே இறுகத் தொடங்குகிறது. மைதாவின் வலையும் ஸ்டார்ச்சும் சேர்ந்து செய்ததை இது தனியாகச் செய்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை அப்படியே உடைக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரட்டும். எரித்ரிட்டாலோடு சேர்த்து வெளிறிப் பொங்கி வரும்வரை பீட்டரால் அடியுங்கள். பிறகு ஆரஞ்சு விழுது, பாதாம் மாவு, பேக்கிங் பவுடர், ஏலக்காய், உப்பு எல்லாம் சேர்த்துக் கரண்டியால் மெதுவாகக் கிளறினால் போதும். முட்டை சாப்பிடாதவர்கள் ஆளி விதைப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம், ஒட்டிக்கொள்ளும். உப்பாது. அதைக் கேக்காக எதிர்பார்க்காமல் மெல்லிய துண்டுகளாகப் போட்டுக்கொள்வது நல்லது.

எரித்ரிட்டால் என்பது சர்க்கரை ஆல்கஹால் வகை. போதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இனிப்பு, சர்க்கரையில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. பெரும்பகுதி சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடுவதால் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை. குணத்தில் இரண்டு குறை உண்டு. நாக்கில் லேசாகப் புதினா போலக் குளிரும், ஆறியதும் மறுபடி படிகமாகி நறநறக்கும். பொடித்துச் சேர்த்தால் இரண்டாவது குறை பெரும்பாலும் அடங்கும். கடையில் 'சுகர் ஃப்ரீ' என்று விற்கும் இனிப்புகள் பலவற்றில் இருப்பது மால்டிட்டால். அது ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றவே செய்யும், அளவு கூடினால் வயிற்றையும் கலக்கும். இதே வகையைச் சேர்ந்த சைலிட்டால் வாங்குபவர்கள் வீட்டு நாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும், அதற்கு அது நஞ்சு. எரித்ரிட்டாலைப் பற்றியும் ஒரு வார்த்தை: ரத்தத்தில் அதன் அளவு அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததை 2023-இல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. காரணம் அதுதான் என்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியாது, நம் உடலே சிறிது எரித்ரிட்டாலைத் தயாரிக்கிறது. ஆனாலும் இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வதும், மற்றவர்கள் தினசரிப் பழக்கமாக்காமல் இருப்பதும் புத்திசாலித்தனம்.

22 செ.மீ. வட்டத் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து ஊற்றி, முன்னதாகவே சூடாக்கிய ஓடிஜியில் 160 டிகிரியில் ஒரு மணி நேரம். மைதா கேக்குக்கு வைக்கும் 180 வேண்டாம். பாதாம் சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே வேகுமுன் மேலே கருகிவிடும். அரை மணி கழித்து மேலே ஃபாயில் போட்டு மூடுங்கள். குச்சி விட்டுப் பார்க்கும் சோதனை இங்கே ஏமாற்றும், ஆரஞ்சின் ஈரம் எப்போதும் கொஞ்சம் ஒட்டும். ஓரம் தட்டை விட்டு விலகியிருக்கிறதா, நடுவில் விரலால் தொட்டால் எழும்பி வருகிறதா என்று பாருங்கள். சூடாக வெட்டினால் உதிர்ந்துவிடும். முழுக்க ஆறட்டும். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். சர்க்கரையின் காவல் இல்லாததால் வெளியே வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் நான்கு நாள், அதற்கு மேல் என்றால் துண்டு துண்டாக ஃப்ரீசரில்.

கணக்கை முடிப்போம். பாதாமில் 24, ஆரஞ்சில் 28, முட்டையில் 3 என்று நிகர மாவுச்சத்து மொத்தம் 55 கிராம். பத்துத் துண்டு போட்டால் துண்டுக்கு ஐந்தரை. புரதம் 9 கிராம் கிடைக்கும். கலோரி மட்டும் 200-ஐத் தொடும், ஏனென்றால் பாதாமில் பாதி கொழுப்பு. லோ-கார்ப் என்ற பெயரை நம்பி மூன்று துண்டு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாவிட்டாலும் எடை ஏறும்.

இந்தக் கேக்கைக் காலை டிபனுக்கே சாப்பிடலாம், அதற்குக் காரணம் உண்டு. விடியும் நேரத்தில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும், கல்லீரல் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடும், இன்சுலினின் பேச்சு அவ்வளவாக எடுபடாது. நீரிழிவு உள்ளவர்கள் பலருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றம் காலை டிபனுக்குப் பிறகுதான் அதிகம். நம் டிபனோ இட்லி, பொங்கல், உப்புமா என்று மாவுச்சத்தையே நம்பியிருக்கிறது. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்களை 10 கோடிக்கு மேல் என்று கணக்கிட்டது. அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை. ஒரு எச்சரிக்கையும் உண்டு: இன்சுலினோ, கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை எடுப்பவர்களுக்குக் கீட்டோஅசிடோசிஸ் என்ற வேறொரு ஆபத்து இருக்கிறது.

கடைசியாக, கேக்கோடு என்ன குடிக்கிறீர்கள் என்றும் பார்க்க வேண்டும். 100 மில்லி பாலில் இயல்பாகவே 5 கிராம் சர்க்கரை உண்டு. தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் சர்க்கரை 8 கிராம். ஒரு டம்ளர் காபியில் ஆக 13. இத்தனை மெனக்கெட்டுச் சுட்ட கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டாலும் அந்த அளவு வராது.