மருந்து கேட்காமல் போவது யார் குற்றம்?

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும்போது முதலில் கட்டி சுருங்கும். சிலருக்குப் பின்னர் அதே மருந்து கேட்காமல் போய்விடும். பத்தியம் பிழைத்ததோ, விதியோ என்று பெண்கள் தம்மையே நொந்துகொள்கிறார்கள்.

இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை 1976 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் ஜூலியானோ, விக்டர் லிங் ஆகிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது பி-கிளைக்கோபுரதம். கிணற்று நீரை இயந்திரம் இறைப்பது போல, கலத்துக்குள் நுழையும் மருந்தை இப்புரதம் வெளியே தள்ளிவிடுகிறது. குடலிலும் ஈரலிலும் நஞ்சை வெளியேற்றி எம்மைக் காப்பதும் இதுவே. அந்தக் காவலைப் புற்றுநோய்க் கலமும் தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. டொக்சோரூபிசின், பக்லிடாக்சல் போன்ற மருந்துகள் இப்படி வெளியேற்றப்படுகின்றன.

இப்புரதத்துக்குரிய மனிதப் பரம்பரை அலகைப் பூச்சிக் கலங்களில் செலுத்தி, ஆய்வுகூடத்தில் இதனை உற்பத்தி செய்கிறார்கள். ஒரு புதிய மருந்தை இது வெளியே தள்ளுமா என்று, நோயாளிக்குக் கொடுக்குமுன்பே பரிசோதிக்க முடிகிறது. இதன் செயலைத் தடுக்கும் மருந்துகளும் பரிசோதிக்கப்பட்டன. ஆனால் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. நல்ல கலங்களுக்கும் இக்காவல் தேவை என்பது அதிலுள்ள பெரிய சிக்கல்.

ஆகவே சகோதரிகளே, மருந்து கேட்காதது உங்கள் குற்றமல்ல. சிஸ்பிளாட்டின் போன்ற சில மருந்துகளை இப்புரதம் வெளியேற்றுவதில்லை. கிளினிக் செல்வதை நிறுத்தாமல், “அடுத்து என்ன மருந்து?” என்று வைத்தியரிடம் துணிந்து கேளுங்கள்.