ஆம்புலன்சில் வேலை! தபாலில் பட்டம்!

வாலாஜாபாத் சாலையில் 108 ஆம்புலன்சு பறக்கிறது. உள்ளே, நோயாளியின் நாடியைப் பிடித்தபடி ஒரு மருத்துவ உதவியாளர். அவருக்கு ஒரு ஆசை: பட்டதாரி ஆகவேண்டும்!

வேலையை விடாமல் படிக்கலாமா?

படிக்கலாம். இந்திராகாந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லும் இதற்காகவே தொடங்கப்பட்டன.

ஆனால், எந்தப் பட்டம்?

அவசர மருத்துவம், பிசியோதெரபி போன்ற பட்டங்களைத் தபாலிலோ இணையத்திலோ நடத்த, பல்கலைக்கழக மானியக்குழு 2025-ல் தடை விதித்தது. காரணம் எளிது. நோயாளியைத் தொட்டுத்தான் அந்தத் தொழிலைக் கற்கவேண்டும்! அதற்குக் கல்லூரிக்கே போகவேண்டும்.

குரூப்-2 போன்ற அரசுத் தேர்வு எழுத ஆசையா? பொது நிர்வாகம், வணிக நிர்வாகம் படிக்கலாம்.

"வீட்டில் இருந்தே மருத்துவப் பட்டம்" என்று விளம்பரம் வந்தால் ஏமாறாதீர்கள்! அங்கீகாரத்தைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். அது இரவெல்லாம் கண்விழித்துச் சம்பாதித்த பணம் அல்லவா?