மாசியில் தொடங்கிய மார்கழி

கொடைக்கானலில் மார்கழிக் குளிருக்கான ஏற்பாடு ஒரு காலத்தில் அதற்கு முந்தைய மாசியிலேயே தொடங்கிவிடும். தை முதல் பங்குனி வரை மலையில் மழை குறைவு. அந்த வெயிலில் பிளந்து காயப்போட்ட விறகுதான் பிறகு உதவும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஜிம்கானா மைதானத்திலும் பாம்பார்புரத்திலும் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். அந்த விறகு அப்போதுதான் அடுப்புக்கு வரும். வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை அப்படியே எரித்தால் சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். நெருப்பு மந்தமாகி, வீடெல்லாம் புகை மண்டும். இன்று இதே ஏற்பாடு கால் மணி நேரத்தில் முடிகிறது. பரணிலிருந்து ஹீட்டரை இறக்கி, சுற்றிய துணியை அவிழ்த்து, தூசி தட்டிச் சொருகினால் போதும்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், மதுரையிலிருந்து வந்த அமெரிக்கப் பாதிரிமார் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியது 1845இல். பின்னால் எழுந்த பங்களாக்களில் கனத்த கற்சுவர், அறையில் ஒரு கணப்பு, கூரைக்கு மேல் புகைபோக்கி என்பது வழக்கமாயிற்று. ஆனால் அவர்கள் மலையேறியது குளிரை எதிர்கொள்ள அல்ல, சமவெளியின் வெயிலுக்குத் தப்பி. அதனால் சித்திரை மாலைகளில் கணப்பு எரிந்தது. உறைபனி விழுந்த மார்கழியில் பல பங்களாக்கள் பூட்டிக் கிடந்தன.

குளிர்காலம் மலையிலேயே இருந்தவர்களுக்குத்தான். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வீடுகளில் கணப்பு கிடையாது; அடுப்படிதான் கணப்பு. ஒரே நெருப்பில் சோறு வெந்தது, வெந்நீர் காய்ந்தது, மேலே கட்டித் தொங்கவிட்ட விதைப்பூண்டுக்குப் புகை கிடைத்தது, சுற்றி உட்கார்ந்தவர்களுக்குக் கை கால் சூடேறியது. குளிர் காய்வதற்கென்று தனியாக ஒரு குச்சி கூட எரியவில்லை.

சமையல் எரிவாயு வந்தபின் இந்தக் கணக்கு மாறியது. 2016இல் தொடங்கிய உஜ்வலா போன்ற திட்டங்கள் சிலிண்டரை எளிய வீடுகளுக்கும் கொண்டுவந்தன. பெண்களின் கண்ணெரிச்சலும் இருமலும் குறைந்தன. முதுகு வளைத்த விறகுத் தலைச்சுமை இறங்கியது. இது சிறிய லாபமல்ல. ஆனால் கேஸ் அடுப்பு அரை மணியில் சமைத்துவிட்டு அணைந்துவிடுகிறது. தணல் இல்லை, சாம்பலுக்குள் விடியும்வரை கிடக்கும் கங்கு இல்லை. சமையலோடு சேர்ந்து இலவசமாக வந்த சூட்டை இப்போது தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

விலையைக் கணக்கிடுவது எளிது. 2,000 வாட் ஹீட்டர் இரவில் ஐந்து மணி நேரம் ஓடினால் 10 யூனிட். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம், 500ஐத் தாண்டினால் விகிதமே மேலே போய்விடும். மற்ற எதையும் போடாவிட்டாலும் ஹீட்டர் மட்டுமே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். அதனால் பல வீடுகளில் அது படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம் ஓடுகிறது. அதன்பின் கம்பளி பார்த்துக்கொள்கிறது.

அன்றைய நெருப்பும் இலவசமல்ல. அதன் விலையை மலை கொடுத்தது. முதலில் சோலை மரங்கள் விறகாயின. பிறகு விறகுக்கென்றே யூகலிப்டஸ், வாட்டில் மரங்கள் நடப்பட்டன. யூகலிப்டஸ் எண்ணெய்ப்பசையால் சட்டென்று பற்றும். வாட்டில் கட்டை நின்று எரிந்து நல்ல தணல் விடும். அடுத்து, ரேயான் கூழுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாக இதே மரங்கள் புல்வெளிகளின் மேல் பரவின. 1973க்கும் 2014க்கும் இடையே பழனி மலையின் புல்வெளியில் 66 சதவீதமும் சோலையில் 31 சதவீதமும் அழிந்ததாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. 2013 முதல் இந்தக் காடுகளில் பெரும்பகுதி வனவிலங்கு சரணாலயம். நினைத்தபோது கத்தியோடு உள்ளே போன காலம் முடிந்துவிட்டது.

பங்களாக் கணப்புகள் பலவற்றின் புகைபோக்கிகளைத் தகரத்தால் மூடிவிட்டார்கள். முன்பு நெருப்பு மூட்டுமுன் அதற்குள் படிந்த கரிப்பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். விட்டால் அதுவே ஒருநாள் தீப்பற்றும். பறவைக் கூடு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். புகை வெளியேற வழி வேண்டும் என்ற அறிவு அந்த வேலையோடு கைமாறி வந்தது; வேலை நின்றதும் அதுவும் மங்கியது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானல் விடுதி ஒன்றில், கரி அடுப்பு இருந்த மூடிய அறைக்குள் தூங்கிய இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். கரி கனன்று வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. பழைய விறகுப் புகை கண்ணைக் கரிக்கவைத்தாவது எச்சரித்தது.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் மலையைக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரம் போனதும் ஹீட்டர் வெறும் இரும்பாயிற்று. சாலையெங்கும் யூகலிப்டஸ் விழுந்து கிடந்தது. ஆனால் எல்லாம் நனைந்த பச்சை மரம். அன்றிரவு எரிந்தது, எவர் வீட்டுத் தாழ்வாரத்திலோ மாசி வெயிலைக் குடித்துக் காத்திருந்த பழைய விறகு மட்டுமே.