விம்பிள்டனை வெல்லாத லெண்டில், முர்ரேவை வெல்ல வைத்தது எப்படி?

எட்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள், 270 வாரங்கள் உலகின் நம்பர் 1. இவ்வளவு இருந்தும் இவான் லெண்டில் கைக்குச் சிக்காத கோப்பை ஒன்று உண்டு. விம்பிள்டன்!

செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்த லெண்டில், முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகளிலும் தோற்றவர். 'ஃபைனல்னா சொதப்பிடுவார்' என்ற பேச்சு 1984 பிரெஞ்ச் ஓபனில்தான் அடங்கத் தொடங்கியது. ஜான் மெக்கன்ரோவிடம் முதல் இரண்டு செட்களை இழந்துவிட்டு, அடுத்த மூன்றையும் வென்றார்.

ஆனால், விம்பிள்டன் புல்தரை மட்டும் கைகொடுக்கவில்லை. 1986-ல் போரிஸ் பெக்கரிடமும், 1987-ல் பாட் கேஷிடமும் இறுதிப் போட்டியில் தோல்வி. 1990-ல், மூன்று முறை வென்ற பிரெஞ்ச் ஓபனையே தவிர்த்துவிட்டு புல்தரைக்குத் தயாரானார். அரையிறுதியில் ஸ்டீபன் எட்பெர்க் வெளியே அனுப்பினார். 1994-ல் முதுகுவலியால் ஓய்வு. அதன்பிறகு கோல்ஃப்தான் பொழுது.

2011 கடைசியில் ஆண்டி முர்ரே அவரைப் பயிற்சியாளராக அழைத்தார். அதுவரை ஆடிய மூன்று ஃபைனல்களிலும் ஒரு செட்கூட எடுக்காமல் தோற்றிருந்தார் முர்ரே. அந்த வலி லெண்டிலுக்குத் தெரியாதா என்ன?

ஃபோர்ஹேண்டில் தயங்காமல் அடித்து ஆடச் சொன்னார் லெண்டில். அதைவிடப் பெரிய சவால் முர்ரேவின் கோபம். பாயின்ட் போனால் தன் குழுவினரைப் பார்த்தே புலம்புவார். அப்போது கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் யோசனை சொல்லவும் அனுமதி இல்லை. லெண்டில் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நேரம்தான் புலம்ப முடியும்?

2012 விம்பிள்டன் ஃபைனலில் ஃபெடரரிடம் தோற்று அழுதார் முர்ரே. குருவைப் போலவே முதல் நான்கும் தோல்வி. நான்கே வாரத்தில், அதே கோர்ட்டில் ஃபெடரரை வீழ்த்தி ஒலிம்பிக் தங்கம். அடுத்து யுஎஸ் ஓபன். 2013-ல், 77 ஆண்டுகளுக்குப் பிறகு விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையரில் ஒரு பிரிட்டன் வீரர் சாம்பியன்!

2014 மார்ச்சில் இருவரும் பிரிந்தார்கள். லெண்டில் இல்லாத இரண்டு ஆண்டுகளில் முர்ரே மூன்று ஃபைனல்கள் ஆடினார், மூன்றிலும் தோல்வி. எல்லாமே உச்சத்தில் இருந்த ஜோகோவிச்சிடம் என்பதால், முழுக் கணக்கையும் பயிற்சியாளர் மேல் எழுதிவிட முடியாதுதான்.

2016 ஜூனில் லெண்டில் திரும்ப வந்தார். அடுத்த மாதமே விம்பிள்டன் ஃபைனல். எதிரே மிலோஸ் ரயோனிச். அவருக்கு ஆலோசகர் யார் தெரியுமா? அதே மெக்கன்ரோ! மூன்று நேர் செட்களில் வென்றார் முர்ரே.