வயதான புல்லட்

மேற்குத் தாம்பரத்தில் நம் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. 1986-ஆம் வருஷத்தில், ரயில்வே உத்தியோகத்தில் இருந்த நம் தகப்பனார் வாங்கிய 350 புல்லட் அது. அதன் தூரமானியைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. ஐந்து ஸ்தானம் கொண்ட அந்த மீட்டர் 99,999 கிலோமீட்டரை எட்டிய மறுகணமே, ஒன்றும் அறியாத பச்சைக் குழந்தையைப் போல் மீண்டும் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது.

"என்ன ஸார், இன்னும் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே! பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கக் கூடாதா?" என்று அடுத்த வீட்டு நண்பர் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. சொந்த வாகனத்தின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைப் பரீக்ஷைக்குக் கொண்டுபோய் நிறுத்தி, "இன்னும் ஓடத் தகுதியுள்ளது" என்று அத்தாட்சி பெற வேண்டும். மனிதர்களுக்கு இப்படி ஒரு பரீக்ஷை இருந்தால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம் என்பது வேறு விஷயம்!

பழைய வண்டியை வீட்டிலேயே பராமரிப்பது வீண் பிடிவாதமா, அல்லது சிக்கனமும் சுயபலமும் கலந்த நல்ல பழக்கமா? நம் அநுபவத்தைச் சொல்கிறோம். முடிவை நேயர்கள் செய்து கொள்ளட்டும்.

பிறந்த கதை

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் என்னும் ஊர். ஆனால் அது வளர்ந்ததும் பெயர் பெற்றதும் நம் வடசென்னைத் திருவொற்றியூரில்தான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்துக் கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1957-ல் அச்சுக்களும் கருவிகளுமே இங்கு வந்து சேர்ந்தன. சில வருஷங்களில் முழு வண்டியும் இந்த மண்ணிலேயே தயாராயிற்று. 1970-ல் இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்டது. திருவொற்றியூரோ நிறுத்தவில்லை. 1977-ல் அந்த இங்கிலாந்துக்கே இங்கிருந்து புல்லட் ஏற்றுமதியாகத் தொடங்கியது. மாமியார் வீட்டில் அடுப்பு அணைந்தபின் மருமகள் சமைத்து அனுப்பிய கதைதான்!

2013-ல் நம் தாம்பரத்துக்குத் தென்மேற்கே ஒரகடத்தில் அதே கம்பெனியின் புதிய தொழிற்சாலை எழுந்தது. ஆனால் அங்கே பிறந்தவை நவீன எஞ்சின் கொண்டவை. நம் வீட்டில் நிற்பதைப் போன்ற வார்ப்பிரும்பு எஞ்சினின் காலம் 2010-ஐ ஒட்டி முடிந்து போயிற்று. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள ஒற்றைச் சிலிண்டர். வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். இதற்கு உதிரி பாகம் வேண்டுமானால் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் புதிதாகவும், புதுப்பேட்டையில் பழையதாகவும் இன்றும் தேடிப் பிடிக்கலாம்.

உதைக்கத் தெரிய வேண்டும்

பழைய புல்லட்டைக் கிளப்புவது பலப் பரீக்ஷை என்று பலர் நினைக்கிறார்கள். அது பலமல்ல, நிதானம். சாவியைத் திருப்பிவிட்டு, கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்திக்கொண்டே ஆம்பியர் மீட்டரைக் கவனிக்க வேண்டும். பிளாட்டினம் பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடப்புறம் சாயும். பிஸ்டன் அமுக்கத்தின் உச்சியை நெருங்கியதும் பாயிண்ட் திறந்து, முள் நடுவுக்குத் தாவும். அந்த இடத்தில் நிறுத்தி, டீகம்ப்ரஸர் பிடியை இழுத்து, கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை அழுத்த வேண்டும். பிறகு பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து ஒரே உதை! முள்ளைப் பார்க்காமல் கண்டபடி உதைப்பவர்களின் கணுக்காலை வண்டி திருப்பி உதைக்கும். முறையாக உதைத்தும் திருப்பி உதைக்குமானால், பொறி வேளைக்கு முன்பே பாய்கிறது என்று பொருள். டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

வண்டி கிளம்பவில்லையென்றால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பது தகப்பனாரின் சித்தாந்தம். பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? அமுக்கம் இருக்கிறதா? உலகத்திலுள்ள பெட்ரோல் எஞ்சின் எதுவும் இந்த மூன்றுக்கு வெளியே நோய் கொண்டதில்லை.

பொறியைப் பார்க்க, பிளக்கைக் கழற்றி, அதன் ஒயரை மாட்டியபடியே சிலிண்டர் தலையின் இரும்பில் படும்படி சாய்த்து வைத்து, கிக்கரை உதைக்க வேண்டும். நீலப் பொறி பளிச்சென்று தாவினால் க்ஷேமம். மங்கலாக இருந்தால் பாயிண்டைப் பார்க்க வேண்டும். அது அதிகமாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முகம் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தாலே பாதி வியாதி போய்விடும். இந்தச் சோதனை செய்யும்போது பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது.

கழற்றிய பிளக்கின் முகமே ஒரு ஜாதகம். பிஸ்கட் நிறமாக இருந்தால் எல்லாம் சரி. கரி பூசியதுபோல் உலர்ந்த கறுப்பானால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. எண்ணெய் வழியும் கறுப்பானால் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்துவிட்டது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அப்படியே ஓட்டினால் எஞ்சின் சூடேறிக் கெடும்.

பெட்ரோல் விஷயத்தில் நாம் பட்ட அவமானத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு சமயம் வண்டி தாம்பரத்தில் உற்சாகமாகக் கிளம்பும். வண்டலூரைத் தாண்டியதும் முனகி நின்றுவிடும். பத்து நிமிஷம் சென்றால் ஒன்றுமே நடவாததுபோல் மறுபடி ஓடும். தகப்பனார் ஊரில் இல்லை. ஒரு பட்டறையில் விட்டோம். காயில் மாற்றினார்கள், கண்டென்ஸர் மாற்றினார்கள், கடைசியில் கார்புரேட்டரையே மாற்றினார்கள். பணம் போயிற்று, வண்டலூர் வியாதி போகவில்லை. ஊரிலிருந்து திரும்பிய தகப்பனார் பின்னால் உட்கார்ந்து வந்தார். வண்டி நின்றதும் இறங்கி, பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அழுக்கால் அடைபட்டிருந்தது; காற்று உள்ளே போகாததால் பெட்ரோல் கீழே இறங்கவில்லை! அம்மாவின் தையல் ஊசி ஒன்றால் ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்தது. ஆனால் கார்புரேட்டரின் ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தக் கூடாது. அது மெல்லிய பித்தளை, துவாரம் பெரிதாகிவிடும். வாயால் ஊதினாலே போதும்.

இந்நாளில் புதிதாக ஒரு விஷயம் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து விற்பது நாடெங்கும் பரவிவிட்டது. பழைய வண்டியின் ரப்பர் குழாயும் வாஷரும் இந்தக் கலவையை உத்தேசித்துச் செய்யப்பட்டவை அல்ல, விறைத்து வெடிக்கலாம். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக் கொள்ளும். ஆகவே குழாயை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிட வேண்டும். மாதக் கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும்.

வருமுன் காத்தல்

எண்ணெய்தான் இந்த எஞ்சினின் ரத்தம். நாம் 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றுகிறோம். வடித்த எண்ணெயை விரலில் தொட்டுப் பார்ப்பது அவசியம். மினுமினுக்கும் உலோகத் துகள் தென்பட்டால் உள்ளே ஏதோ தேய்கிறது. சங்கிலிப் பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. எஞ்சினில் ஊற்றியது அங்கேயும் போய்ச் சேரும் என்று நம்பியிருந்தால் கிளச் பழிவாங்கும்.

டாப்பெட்டை எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே, அமுக்கத்தின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். தள்ளுகம்பி விரலால் திருப்பினால் தாராளமாகச் சுழல வேண்டும்; மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் ரகசியம். பின்சங்கிலியைச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மிக இறுக்கமான இடத்தில் சோதித்து, ஓர் அங்குலம் ஆடும்படி விட வேண்டும். இரு பக்கத்து நத்தைத் தகட்டிலும் ஒரே எண்ணிக்கைப் பல்லில் நிறுத்தாவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளும்.

பிரேக்கில் சிக்கனம் கூடாது. பழைய வண்டியின் ஓட்டம் குறைந்தால் தாமதந்தான். நிறுத்தும் சக்தி குறைந்தால் ஜி.எஸ்.டி. சாலையில் உயிரே போகும். கேபிளின் ஓர் இழை அறுந்திருந்தாலும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். கிராங்க் வேலை, சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடும் வேலை, கியர்ப் பெட்டி ஆகிய மூன்றையும் வீட்டுத் தாழ்வாரத்தில் தொடாமல் நல்ல மெக்கானிக்கிடமும் லேத் பட்டறையிலும் விடுவதே விவேகம்.

வெள்ளம் வந்த இரவு

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவை முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் வாசிகள் மறக்க மாட்டார்கள். அடையாறு கரை மீறிற்று. நாங்கள் மொட்டை மாடிக்கு ஏறினோம். புல்லட் கீழேயே நின்றது. விடிந்து பார்த்தபோது கைப்பிடிகள் மட்டும் இரண்டு கொம்புகளைப் போல் நீருக்கு மேல் தெரிந்தன. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தவணையோ அடுத்த மாதம்!

நீர் வடிந்ததும் எதிர் வீட்டு இளைஞர் தம் புது வண்டியை ஆவலோடு ஸ்டார்ட் செய்தார். 'டங்' என்று ஒரு சத்தம், பிறகு மௌனம். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் நின்றபோது பிஸ்டனை மேலே தள்ளினால் இணைதண்டு வளைந்துதான் போகும்.

நாமும் காலைத் தூக்கினோம். "டேய், உதைக்காதே! முதலில் பிளக்கைக் கழற்று" என்று தகப்பனாரின் குரல் கேட்டது. அவருக்கு அப்போது 74 வயது. வாசற்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லச் சொல்ல நாம் செய்தோம். பிளக்கைக் கழற்றியதும் உள்ளிருந்து சேற்று நீர் வந்தது. எஞ்சினிலிருந்து வடித்த எண்ணெய், பால் தாராளமாக விட்ட காபியைப் போலிருந்தது. மலிவு எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமலே கிக்கரை மெல்ல அழுத்தி எஞ்சினைச் சுழல விட்டு, மீண்டும் வடித்தோம். எண்ணெய் தெளியும் வரையில் மூன்று தடவை இப்படிச் செய்தோம். டாங்கியையும் கார்புரேட்டரையும் கழுவினோம். பாயிண்டை உலர்த்தினோம். பிரேக் டிரம்மைத் திறந்து சேற்றை எடுத்தோம். சக்கர பேரிங்குகளுக்குப் புதிய கிரீஸ் வைத்தோம். பாட்டரி மட்டும் பிழைக்கவில்லை.

பதினொரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் காலையில் முள் நடுவுக்குத் தாவியது, நாம் உதைத்தோம். முதல் உதைக்கு மௌனம். இரண்டாவதுக்கு ஒரு தும்மல். மூன்றாவதில் அந்தப் பழைய 'டக்... டக்... டக்' சத்தம் சேறு படிந்த தெரு முழுவதும் கேட்டது. எல்லாவற்றையும் இழந்து நின்ற அந்தத் தெருவில், அன்றைக்கு முதன்முதலாகச் சிலர் சிரித்தார்கள். ஜனவரியில் வண்டி பரீக்ஷையிலும் தேறிற்று.

கணக்குப் புத்தகம்

தகப்பனார் 2019-ல் காலமானார். அவர் விட்டுச் சென்றவற்றில் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் உண்டு. எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில், எதை மாற்றியது, ஏன் மாற்றியது என்று 1986 முதல் எழுதி வைத்திருக்கிறார். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்பானருக்கு முன் வாங்க வேண்டிய கருவி அதுதான். கேபிள் எப்போது அறும், சங்கிலி எத்தனை தூரம் தாங்கும் என்பதை அந்தப் புத்தகம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

பழையது என்பதாலேயே எதையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பிரேமில் வெடிப்புக் கண்டால் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும். நீலப் புகை கக்கினால் ரிங்கை மாற்ற வேண்டும். மாற்ற மனமில்லையென்றால் ஓட்டக் கூடாது. நம் சிக்கனத்துக்காகத் தெருவிலுள்ள குழந்தைகள் புகை குடிக்க நியாயமில்லை. ஆனால் சரியாகப் பேணினால் ஓடக்கூடிய ஒன்றை, பேணத் தெரியாத காரணத்தால் இரும்புக்கடைக்கு அனுப்புவது மட்டும் கெட்டிக்காரத்தனம் ஆகாது.

சென்ற பொங்கலுக்கு முந்தின நாள் நம் பெண் வந்து, "அப்பா, நான் ஒரு தடவை உதைத்துப் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். "உன்னால் முடியாதம்மா" என்று சொல்ல வாயெடுத்தோம். அவள் அதற்குள் சாவியைத் திருப்பி, தாத்தா சொல்லித் தந்தபடி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முள் நடுவுக்கு வந்தது. ஒரே உதை, வண்டி கிளம்பிவிட்டது!

நமக்கு இன்னும் மூன்று உதை வேண்டியிருக்கிறது. அன்றைய பக்கத்தில் அவளே தேதி போட்டு, நோட்டுப் புத்தகத்தில் அதையும் எழுதிவிட்டாள்.