மானுக்கென ஒரு வயல்

அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன் போன்ற மாநிலங்களில் வெள்ளைவால் மான்கள் மேய்வதற்கென்றே சிறு வயல்களைப் பயிரிடுகிறார்கள். வேட்டைக்காரர்களே இதில் அதிகம். ஆனாலும் அவர்கள் மண்ணுக்குக் காட்டும் பொறுமை பாராட்டத்தக்கது.

காட்டோரத்து மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்டது. அதனால் முதல் வேலை மண் பரிசோதனை. க்ளோவர் என்ற தீவனப்பயிருக்கு மண்ணின் பிஎச் அளவு 6-க்கும் 7-க்கும் இடையில் இருப்பது நல்லது. குறைந்தால் சுண்ணாம்புத்தூள் இடவேண்டும். அது மண்ணில் கலந்து வேலை செய்யச் சில மாதங்கள் பிடிக்கும். இதைச் செய்யாமல் உரத்தை மட்டும் கொட்டுவது காசைக் கரைப்பதுதான். அமில மண்ணில் சத்துகள் பலவும் பயிருக்கு எட்டாது.

க்ளோவர் பயறு வகையைச் சேர்ந்தது. ரைசோபியம் நுண்ணுயிர் கலந்த விதை என்றால் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். விதை மிகச் சிறியது. 6 மில்லிமீட்டருக்குக் கீழே புதைந்தால் முளைப்பது கடினம். ஆகவே உழுத மண்ணை உருளையால் அழுத்தி, விதை தூவி, மறுபடியும் உருட்டுகிறார்கள்.

குளிர்காலத் தேவைக்கு ஓட்ஸும் டர்னிப்பும் கோடைக் கடைசியில் விதைக்கப்படுகின்றன. உறைபனி பட்டபின் டர்னிப் இலையில் இனிப்பு கூடும்.

வயலின் நடுவே ஒரு சிறு கம்பிவலைக் கூண்டும் வைப்பார்கள். உள்ளே செழிப்பு, வெளியே கட்டாந்தரை என்றால், பயிர் பொய்க்கவில்லை, மான்கள் மேய்ந்துவிட்டன என்று பொருள்.