நெஞ்சு வலியும் இரு சோதனைகளும்

விடியற்காலையில் வயலுக்குப் புறப்படும் உழவர் ஒருவருக்கு நெஞ்சில் பாரம் வைத்து அழுத்தினாற்போல் வலி உண்டாகிறது, உடல் வியர்க்கிறது. “வாயுக் கோளாறுதான்” என்று சுக்குக் கஷாயம் அருந்திவிட்டுப் படுத்துக்கொள்கிறார். அது மாரடைப்பாயின், கழியும் ஒவ்வொரு நிமிஷமும் இருதயத் தசைக்குச் சேதமே. வாயுவா, மாரடைப்பா என்பதை வலியைக் கொண்டு மட்டும் தீர்மானித்தல் இயலாது. இதற்கென இரு சோதனைகள் உள்ளன.

முதலாவது, ஈ.சி.ஜி. எனப்படும் இருதய மின்வரைபடம். இருதயம் துடிக்கும்போதெல்லாம் அதில் நுண்ணிய மின்னோட்டம் எழுகிறது. மார்பிலும் கைகால்களிலுமாகப் பத்து இடங்களில் பொருத்தப்படும் மின்வாய்களின் வழியே கருவி அதனை ஏற்று, காகிதத்தில் அலைகளாக வரைகிறது. உடலுக்குள் மின்சாரம் செலுத்தப்படுவதில்லை. ஆதலால் அச்சத்திற்கு இடமில்லை. ஹாலந்து நாட்டுப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன் இம்முறையைக் கண்டதற்காக 1924-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அக்காலத்தில் நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்த வேண்டியிருந்தது. இன்றோ அக்கருவி ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டது.

எனினும், மாரடைப்பு நேர்ந்தும் வரைபடம் மாறுதலின்றிக் காணப்படுவதுண்டு. அங்கே துணைபுரிவது இரத்தப் பரிசோதனை. இருதயத் தசையில் உள்ள டிரோபோனின் என்னும் புரதம், தசை சேதமுற்றால் இரத்தத்தில் கசிகிறது. ஆனால் அதன் அளவு உயரச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவேதான் மருத்துவர் நோயாளியை இருத்திவைத்து, மறுமுறையும் இரத்தம் எடுக்கிறார். முதற் சோதனையில் குறை காணவில்லை என்று வீடு திரும்ப அவசரப்படலாகாது. சிறுநீரக நோயிலும் இப்புரதம் மிகக்கூடுமாதலால், மருத்துவர் அனைத்தையும் சேர்த்தே முடிவு கூறுவார். வரைபடமே அடைப்பைத் தெளிவாகக் காட்டினால், இரத்தச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கப்படும்.

நீரிழிவு உள்ளோர், முதியோர், பெண்கள் ஆகியோருக்குக் கடும் வலியின்றி மூச்சுத் திணறலோ மிகுந்த சோர்வோ மட்டும் தோன்றுவதும் உண்டு. இத்தகைய குறிகளைக் கண்டால் 108 எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, ஆம்புலன்ஸ் வாகனத்தில் தாமதமின்றி மருத்துவமனை சேர்தல் வேண்டும். சோதனைகள் எவ்வளவு சிறந்தவையாயினும், உரிய நேரத்தில் வந்து சேர்ந்தோருக்கே அவை உயிர் காக்கும் துணையாகும்.